ஆண் அறியப்படவில்லை

"என்ன மிஸ், தோடு கீடு விழுந்திருச்சா?" என்று கேட்டாள் ஸரீனா. அவள் கேட்டதில் பிழையில்லை. காலையிலிருந்து நான் அவளுடைய பின்வளவில், கராம்பு மரங்களுக்கு அப்பால் இருக்கும் செம்மண் மேட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, மடியில் ஒரு வலையை வைத்துக்கொண்டு, மண்ணையே முறைத்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே குடை. பக்கத்துக் கதிரையில் என் கணவர். இவர் மேட்டைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் பிரசங்கம் கேட்கிறவர் மாதிரி என் பக்கம் காதைக் கொடுத்திருந்தார். நான் "ஒன்றுமில்லை" என்று சொல்லும்போதெல்லாம் தலையை ஆட்டினார். இந்தக் கோலத்தில் இரண்டு கிழங்களைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

"தோடில்ல ஸரீனா, மாப்பிள்ளை தேடுறோம்" என்றேன்.

"மண்ணுக்குள்ளயா மாப்பிள்ளை!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுடைய மகள் அம்றாவுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை தேடுகிற பாடு அவளுக்குப் புதிதில்லை. நோன்பு மாதம் வேறு. தன் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் இருந்துகொண்டு எங்களுக்கு இஞ்சி தட்டிப் போட்ட ப்ளேன்டீ கொண்டுவந்திருந்தாள். வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கிற ஆளில்லை. "நோம்பு எனக்குத்தானே மிஸ், உங்களுக்கில்லையே" என்பாள். கோப்பையை வாங்கிக் குடிக்கும்போது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

இவருடைய பெயர் தர்மராஜா. அரசாங்க விவசாயப் பகுதியில் பூச்சிகளை அடையாளம் காணும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். மிளகுக் கொடியை அரிப்பது எது, நெல்லை உறிஞ்சுவது எது என்று சனங்கள் போத்தலில் அடைத்துக் கொண்டுவந்து நீட்டுவார்கள். இவர் பெயர் சொல்லுவார். அது சம்பளத்துக்குச் செய்த வேலை. சம்பளமில்லாமல் செய்த வேலைதான் என் ஆயுளில் பாதியைத் தின்றது. கல்யாணம் முடிந்த கையோடு நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனார். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு நின்றேன். இவர் பூங்காவில் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தபால் கந்தோரில் சேர்ந்து போஸ்ட்மிஸ்ட்ரஸாக ஓய்வுபெறும்வரை, எங்கள் பலாபத்வல வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மரக்கறிக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு வண்டு செத்துக் கிடக்காத நாளை நான் கண்டதில்லை.

அந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆளும் இருந்தார். அம்புரோஸ் கெல்லட். அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. இங்கிலாந்தில் எப்போதும் மழை தூறும் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். ஒரு கால் சூம்பிப்போனதால் அதிகம் நடக்கமாட்டார். அந்த ஊரைவிட்டு எங்கேயும் போனதில்லை. அந்தக் காலத்தில் மாத்தளைப் பக்கம் கோப்பித் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர், கண்ணில் பட்ட பூச்சியையெல்லாம் பிடித்து, மாத்திரைப் பெட்டிகளில் பஞ்சும் கற்பூரமும் வைத்துக் கப்பலில் அனுப்புவாராம். கெல்லட் கடையைப் பூட்டிவிட்டு, பின்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுவார். அதற்கு முதல் இந்த நாட்டின் பூச்சிகள் பலவற்றுக்கு எங்கேயும் பெயர் கிடையாது. இது இன்ன குடும்பம், இது இன்னதன் உறவு என்று முதன்முதல் வகைபிரித்து வைத்த ஆட்களில் அவர் ஒருவர். அவர் நம் பூச்சிகளில் ஒன்றைக்கூட உயிரோடு பார்த்ததில்லை. அது எப்படிப் பறக்கும், எங்கே இருக்கும், எதைத் தின்னும், ஒன்றும் தெரியாது. காய்ந்த உடம்பு ஒன்றுதான் கையில்.

அப்படி அவர் எழுதியதில் ஒன்று எங்கள் வீட்டில் 'பட்டுக்குளவி' என்று பெயர் வாங்கியது. பார்த்தால் எறும்பு மாதிரி இருக்கும். சிறகில்லை. நெஞ்சுப் பக்கம் துருப்பிடித்த சிவப்பு, பின்பக்கம் கறுப்பு, அதில் வெள்ளைப் பொட்டுகள், உடம்பெல்லாம் வெல்வெட் துணிபோல மயிர். ஆனால் அது எறும்பில்லை, குளவி. மண்ணில் கூடுகட்டும் தேனீக்களின் வளைக்குள் புகுந்து அவற்றின் குஞ்சுமேல் தன் முட்டையை இடும். சிறகில்லாதது பெண். கெல்லட் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, பெயர் வைத்து, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ஆண் அறியப்படவில்லை. சில வருடம் கழித்து இன்னொரு பெட்டியில் வந்த ஒரு கறுப்புக் குளவியைப் பற்றி எழுதுகிறார். அதற்குச் சிறகுண்டு, இடுப்பில் ஒரு வெள்ளைக் கோடுண்டு. வேறு நிறம், வேறு பருமன். அதற்கு வேறொரு பெயர், வேறொரு இனம். அதன் கடைசியிலும் ஒரு வரி: பெண் அறியப்படவில்லை.

இவர் வேலையில் இருந்தபோது ஒரு தரம் லண்டனுக்குப் போகக் கிடைத்தது. அங்கே நூதனசாலையில் அந்த இரண்டையும் பார்த்தார். கெல்லட் குத்திய குண்டூசியிலேயே, ஒரே அலுமாரியில், இழுத்துத் திறக்கிற லாச்சிகளில், இரண்டு லாச்சி தள்ளி இருந்தனவாம். இரண்டின் கழுத்துக்குப் பின்னாலும் ஒரே மாதிரி ஒரு சின்னக் குழி. இரண்டும் ஒரே பூச்சி, ஆணும் பெண்ணும் என்று அந்த நிமிடமே இவருக்குத் தோன்றிவிட்டது. கெல்லட் ஒரு சோடியைப் பிரித்துத் தனித்தனியாகப் பதிந்துவிட்டார். திரும்பி வந்து ஒரு கிழமை யாரோடும் சரியாகப் பேசவில்லை. லண்டனில் என்ன பார்த்தீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "ரெண்டு லாச்சி" என்றார்.

தோன்றினால் போதாதாம். கழுத்துக் குழியை வைத்து இவர் எழுதிய கட்டுரைக்கு, ஆதாரம் காணாது என்று பதில் வந்தது. இந்தக் காலத்தில் பூச்சியின் ஒரு காலை வெட்டி, இரத்தச் சோதனை மாதிரிப் பார்த்தே உறவைச் சொல்லிவிடுவார்கள். அதற்கும் புதிதாகப் பிடித்த ஆண் ஒன்று வேண்டும். கெல்லட்டின் குண்டூசியில் இருக்கும் அந்த ஒற்றை ஆணுக்குப் பிறகு இன்னொன்று யார் கையிலும் அகப்பட்டதில்லை. பெண் கிடைக்கும். பல்லேபொலையில் ஸரீனாவின் கணவர் அப்துல் ஸமத் மிளகுக்கொடி வாடுகிறது என்று கூப்பிட்டு இவர் போனபோது, இந்தச் செம்மண் மேட்டில் முதல் பெண்ணைக் கண்டார். ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும்போது பிடித்தால் பிறகு ஒருவரும் வாய் திறக்க முடியாது. அன்று தொடங்கியதுதான். ஒவ்வொரு நவம்பரும் லீவு போட்டுவிட்டு ஸமத் வீட்டு மேட்டுக்குப் போவார். நவம்பர் மாத்தளையில் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. சப்பாத்துக்குள் தண்ணீரும் காலில் அட்டையுமாக, தும்மிக்கொண்டு வருவார். நான் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பேன். ஏன் நவம்பர் என்று நான் கேட்டதில்லை. கிறுக்குக்கும் ஒரு மாதம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் இவருடைய கண் போகத் தொடங்கியது. வயதானால் சிலருக்குக் கண்ணின் நடுப்பகுதி தேயுமாம், மருந்தில்லையாம். ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும், பார்க்க நினைக்கிற இடம் மட்டும் புகைமூட்டம். டொக்டர் சொல்லி முடித்ததும் இவர் கேட்ட ஒரே கேள்வி, நுணுக்குக்காட்டியில் பார்க்கலாமா என்பது. வீட்டுக்கு வந்து நுணுக்குக்காட்டியை உறைக்குள் வைத்து மூடினார். அதுவரை அந்தச் சாமானை எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு கெல்லட்டை நான்தான் வாசித்தேன். சாப்பிட்டு முடிந்ததும் இவர் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொள்வார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஃபொட்டோகொப்பிக் கட்டை எடுப்பேன். ஆரம்பத்தில் நித்திரைதான் வந்தது. கால் மயிர் எப்படி, முகத்துப் புள்ளி எப்படி என்று எழுதி எழுதி அந்த மனிதருக்கே அலுக்கவில்லையா? ஆனால் போகப்போக ஒன்று எனக்குப் பட்டது. நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். மழையைத் தவிர வேறொன்றையும் பார்க்காத ஒரு நொண்டி மனிதர், எங்கள் ஊர் மண்ணில் ஓடிய ஒரு சின்னச் சீவனின் கன்னத்து மயிரை, கடலுக்கு அப்பாலிருந்து எண்ணியிருக்கிறார். நான் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. காலுக்குக் கீழே எத்தனை தரம் ஓடியிருக்கும்! அதைவிட அந்தக் கடைசி வரி. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதி, பின்னால் வருகிற யாருக்கோ இடம் விட்டுப் போயிருக்கிறார். கந்தோரில் நான் பார்த்த பெரிய மனிதர்கள் ஒருவருக்கும் அந்த வரி எழுத வராது. அந்த ஆள்மேல் எனக்கு ஒரு மரியாதை, மரியாதை என்ன, ஒரு பயபக்தியே வந்துவிட்டது. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் தெரியாமல் போய்விடும்.

ஒருநாள் லண்டனில் இவர் எடுத்த படத்தைக் கணினியில் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புக் குளவியின் குண்டூசியில் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. வாசித்தேன்: மாத்தளை, நவம்பர், அ. கெ.

"இது யாரோட கையெழுத்து?" என்று கேட்டேன்.

"கெல்லட்டோடது. அந்தக் கையெழுத்து எனக்கு மனப்பாடம்."

"அவர் மாத்தளைக்கு வரவே இல்லையே. புடிச்சது தோட்டத்துத் துரைதானே?"

"ஓம்."

"அப்ப இது புடிச்ச திகதியா, பெட்டி வந்து சேர்ந்த திகதியா? நாங்க கந்தோர்ல ரெண்டு முத்திரை அடிப்போம். போட்ட எடத்துல ஒண்ணு, வந்து சேர்ந்த எடத்துல ஒண்ணு. இவர் பெட்டியத் தொறந்துதானே எழுதியிருப்பார்? கப்பல் வந்து சேர எத்தன மாசம்?"

இதை நான் கெட்டிக்காரத்தனம் காட்டக் கேட்கவில்லை. தபால்காரிக்குத் தோன்றுவது அவ்வளவுதான். இவர் சாய்மனைக் கதிரையின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். பூச்சிக்காரர்கள் முதலில் படிக்கிறது லேபலைத்தானாம், இடமும் திகதியும் இல்லாத பூச்சி குப்பைக்குச் சமன் என்று இவரே சொல்லுவார். அந்த லேபலை இத்தனை காலம் வேதம் மாதிரி நம்பியிருக்கிறார். கண் நன்றாக இருந்த வருடமெல்லாம், அந்த நவம்பர்களெல்லாம், மழைக்குள் போய் நின்றிருக்கிறார். வெயிலில் பறக்கிற குளவியைத் தேடி. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அன்று இவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை குசினிக்குள் சுவரைத் தடவிக்கொண்டு வந்து நின்று, "மீனா, தேர் எப்ப?" என்று கேட்டார்.

முத்துமாரியம்மன் தேர் முடிந்தால் மாத்தளையில் மண் வெடிக்கிற வெயில். வெயிலில் பிடித்து, கோப்பி மூட்டைகளோடு கப்பலேற்றி, கெல்லட் மாரிகாலத்தில் கடையில் வியாபாரம் குறைந்த நேரம் பார்த்துத் திறந்திருந்தால் கணக்குச் சரி. பிடிக்கிறதற்கான அனுமதியை இவரோடு வேலை செய்த ஒருவர் எடுத்துத் தந்தார். தேர் முடிந்தது. நாங்கள் ஓட்டோ பிடித்துப் பல்லேபொலைக்கு வந்தோம். இந்த முறை கண் என்னுடையது.

இவர் கண்ணுக்கு மீதி இருந்த வெளிச்சமும் குறைந்துகொண்டு வந்தது. அடுத்த வெயிலுக்கு என்ன மிஞ்சும் என்று தெரியாது. அதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். இவருடைய ஆயுளில் இவர் முடிக்க நினைத்தது இந்த ஒன்றுதான்.

மேட்டில் சின்னச் சின்னத் துளைகள் நிறைய இருந்தன. தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. பெண் பட்டுக்குளவியை இரண்டாம் நாளே கண்டேன். சிவப்பு நூல்பந்து ஒன்று தானாக ஓடுகிற மாதிரி இருந்தது. துளைக்குத் துளை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுக்குள் புகுந்துகொண்டது. "இருக்கா!" என்று நான் கத்தினேன். இவர் சிரித்தார். பிறகு வந்த நாட்களெல்லாம் அவளைக் கண்டேன், இல்லாவிட்டால் அவளுடைய அக்கா தங்கையை. அவன் மட்டும் வரவில்லை. மத்தியானம் வரை இருந்துவிட்டு, முகம் கருகி, வெறும் வலையோடு திரும்பினோம்.

ஒருநாள் அப்படி நாங்கள் கதிரையை எடுத்து வைக்கும்போது ஸமத் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். "சேர், ஒண்ணு சொல்லணும். கோவிச்சிக்காதீங்க. நாளைக்கு மண் வெட்டப் பெக்கோ மெசின் வருது."

அம்றாவுக்கு வீடு கட்டப்போகிறார்கள். மேட்டை வெட்டிச் சமப்படுத்தினால்தான் இடம் காணும். இதை ஸரீனா நாங்கள் வந்த முதல்நாளே சொல்லியிருந்தாள். எப்போது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

"வீடு கட்டத்தானே வேணும்" என்றார் இவர். அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் மழையில் நனையத் தெரிந்த மனிதருக்கு வாய்விட்டு ஒரு கிழமை கேட்கத் தெரியவில்லை.

"ஒரு கிழமை தள்ளிப்போட ஏலாதா தம்பி?" என்று நானே கேட்டேன்.

ஸமத்தின் முகம் சுருங்கியது. "மிஸ், பெருநாளைக்கு முந்தி அத்திவாரம் போட்டுர்றோம்னு மாப்பிள்ளை வீட்டாளுகளுக்கு வாக்குக் குடுத்தாச்சு. பெக்கோக்காரனும் இத விட்டா அடுத்த மாசம்ங்கிறான். அல்லாஹ்வுக்குத் தெரியும், எனக்கும் மனசில்ல." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்றேன். முதல்ல அந்தக் கொக்கோ மரத்துப் பக்கமா வெட்டட்டும். இந்தப் பக்கத்துக்குக் கடைசியா வரச் சொல்றேன்."

ஒரு பூச்சிக்காக ஒரு பிள்ளையின் வீட்டை நிறுத்து என்று எந்த முகத்தோடு கேட்பது? ஓட்டோவில் திரும்பும்போது இவர்தான் பேசினார். "நீ பெண்ணப் பாத்திட்டேல்ல. கெல்லட்டுக்கு அதுவும் கிடைக்கல, மீனா. ஓடுறதப் பாத்ததில்ல அந்த மனுஷன்." எனக்கு ஆறுதல் சொல்கிறாராம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் நாங்கள் போகும்போதே பெக்கோ வந்து நின்றது. மஞ்சள் நிறம், யானைப் பருமன். ஓட்டுகிற சிங்களப் பையன் எங்களையும் குடையையும் வலையையும் பார்த்து, ஸமத்திடம் ஏதோ கேட்டான். ஸமத் சொன்ன பதிலில் அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். கொக்கோ மரப் பக்கம் வேலை தொடங்கியது. அகப்பை மண்ணில் குத்தும்போது எங்கள் கதிரையின் கால்வரை அதிர்ந்தது. தேனீக்கள் கலைந்து, துளை தெரியாமல் குழம்பிச் சுற்றின. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இந்த இரைச்சலில் எந்த மாப்பிள்ளை வருவான்?

ஆனால் அந்த அதிர்வில் உள்ளே இருந்தவையெல்லாம் வெளியே வந்தன. எறும்பு, பூரான், ஒரு குட்டிப் பாம்புராணி. பிறகு அவள் வந்தாள். பிறகு இன்னொருத்தி. துளைகளிலிருந்து சிவப்புச் சிவப்பாக வெளியே வந்து, வெறும் மண்ணில், வெயிலில், எங்கே போவதென்று தெரியாமல் ஓடினார்கள். நான் இவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருத்தி மேட்டின் உச்சிக்கு ஏறி நின்று பின்பக்கத்தை உயர்த்தினாள். அசையாமல் நின்றாள்.

"நிக்கிறாளா? ஓடலயா?" என்று இவர் கேட்ட குரல் மாறியிருந்தது.

"நிக்கிறா. ஏதோ ஒரு கறுப்புக் குளவி வந்து சுத்துது, அதுக்குப் பயந்துட்டாளோ என்னமோ." கறுப்புக் குளவிகள் அந்த வளவில் ஏராளம், மாப்பிள்ளை என்று எனக்கு உறைக்கவில்லை.

இவர் என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது. "என்ன கறுப்பு? சிறகு?"

"சிறகும் கறுப்பு. இல்ல... வெயில் படும்போது நீலம்."

"இடுப்பில?"

"வெள்ளையா ஒரு கோடு. இருக்கு. இருக்குங்க!"

கறுப்புக் குளவி இடமும் வலமுமாகக் கோடு கிழித்துக்கொண்டு கீழே இறங்கியது. அவளைவிட இரண்டு மடங்கு பெரியவன். மண்ணில் மோதுகிற மாதிரி விழுந்து அவள் கழுத்தை வாயால் கவ்வினான். சண்டை என்றுதான் நினைத்தேன். அவள் கால்களையெல்லாம் மடித்துக்கொண்டாள். அவன் அவளைத் தூக்கினான். பிறந்ததிலிருந்து மண்ணைவிட்டு ஒரு விரற்கடை உயராதவள், சிறகே இல்லாதவள், அவன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஆகாயத்தில் போனாள். முதலில் என் முழங்கால் உயரம். பிறகு என் முகத்துக்கு நேரே. சிவப்பும் நீலமும் கறுப்பும் ஒன்றாகி, வெயிலில் மின்னிக்கொண்டு என் கண் முன்னாலேயே ஒரு வட்டம் போட்டன. என் கையில் வலை இருந்தது. எனக்குக் கையே இருக்கவில்லை. இதற்கு முன் இதை யாரும் கண்டிருக்கமாட்டார்கள் என்று சொல்லமாட்டேன். மாடு மேய்க்கிறவர்கள் கண்டிருப்பார்கள், குழந்தைகள் கண்டிருப்பார்கள். ஆனால் இவள் யார், இவன் யார், இவர்களைப் பிரித்து எத்தனை காலம் என்று தெரிந்து பார்த்தது நான் ஒருத்திதான். நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது கண்ணாடி மங்கலான பிறகுதான் தெரிந்தது.

"தூக்கிட்டுப் போறான். அவளத் தூக்கிட்டுப் பறக்கிறான்" என்றேன்.

பிடி, பிடி என்று இவர் கத்துவார் என்று நினைத்தேன். "எப்படிப் பறக்கிறான்? சொல்லு, எப்படி?" என்றார். எழுந்து நின்றிருந்தார். ஒன்றும் தெரியாத வெளியைப் பார்த்து, வாய் திறந்தபடி.

அவர்கள் பெக்கோவின் பக்கம் திரும்பினார்கள். அதுதான் என்னை உலுக்கியது. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். மண்கட்டியில் கால் மடங்கியது. ஸமத் "மிஸ், மிஸ்!" என்று கத்தினார். ஓட்டுநர்ப் பையன் அகப்பையைப் பாதியில் நிறுத்தினான். வெட்டிப்போட்ட கொக்கோக் கிளை ஒன்றின் இலையில் அவர்கள் இறங்கினார்கள். இவர் சொல்லித்தந்த மாதிரி வலையை மேலிருந்து போட்டேனா, பக்கத்திலிருந்து வீசினேனா, தெரியாது. வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தபோது வலைத்துணிக்குள் சிவப்பும் இருந்தது, கறுப்பும் இருந்தது.

ஸமத் இவரைக் கைபிடித்துக் கூட்டிவந்தார். "பிரிஞ்சிட்டாங்களா?" என்று இவர் கேட்டார்.

"உள்ளுக்குள்ள பிரிஞ்சிட்டாங்க" என்றேன். குற்றம் செய்தவள் மாதிரி இருந்தது.

"சேர்ந்திருக்கிறத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"போதும்" என்றார். இன்னொரு தரம், "போதும் மீனா" என்றார். என் கண்ணில் ஒரு வாழ்க்கை முழுவதையும் வைத்துவிட்டார். அவ்வளவு நம்பிக்கை என்மேல் இவருக்கு இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நல்லவளாக இருந்திருப்பேன்.

இவர் கையை நீட்டினார். கொட்டினால் உயிர் போகும் என்று பயந்து, துணியின் மடிப்பை மட்டும் பிடிக்கக் கொடுத்தேன். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். கண்ணுக்கு நேரே வைத்தார், ஓரமாக வைத்தார், ஒன்றும் பிடிபடவில்லை என்பது தெரிந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. அப்போது இவருடைய தலை ஒருபக்கம் சாய்ந்தது. வலையை மெதுவாகக் காதுக்குக் கொண்டுபோனார்.

"கத்துறாங்க" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பெக்கோ உறுமிக்கொண்டிருந்தது. ஸமத் கையைக் காட்ட, பையன் எஞ்சினை நிறுத்தினான். வளவு திடீரென்று வெறுமையானது. நான் குனிந்து என் காதை வைத்தேன். ஈரக் கண்ணாடியில் விரலைத் தேய்த்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். கிறீச், கிறீச். நின்று, மறுபடியும். வலையின் மற்ற மூலையிலிருந்து இன்னொன்று, கொஞ்சம் கட்டையாக, அதே கிறீச். இத்தனை புத்தகம் வாசித்தேன், இந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலும் இல்லை. குண்டூசியில் இருப்பது எப்படிக் கத்தும்?

"ரெண்டு பேரும்" என்றார் இவர். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி."

ஸரீனா வீட்டிலிருந்து ஓடிவந்திருந்தாள். முக்காட்டை ஒதுக்கிவிட்டுக் காதை வைத்தாள். கண் விரிந்தது. "யா அல்லாஹ்" என்று முணுமுணுத்தாள். ஸமத் குனிந்தார். ஓட்டுநர்ப் பையன் இறங்கிவந்து, என்ன என்று கேட்காமல், தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தான்.

பிடித்த பூச்சியைப் போட்டுக் கொல்லும் நஞ்சுப் போத்தலைக் கேட்டு இவருடைய மற்றக் கை என் பக்கம் நீண்டிருந்தது. அதை நான் பையிலிருந்து எடுத்திருந்தேன், மூடியைத் திறக்கவில்லை. இவரும் திரும்பக் கேட்கவில்லை. மேலே பெக்கோவின் அகப்பை பாதி மண்ணோடு நின்றது. அதன் பல்லிலிருந்து மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. நாங்கள் ஐந்து பேரும் தலையோடு தலை முட்ட, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலைக்குக் காது கொடுத்து நின்றோம்.